ஸ்மெட்லி பட்லர் இவ்வளவு பேசியும் எப்படி ஜெனரலாக நீடித்தார்?

கேட்ட கேள்வி இது: "'முதலாளிகளுக்காக வேலை பார்த்த கேங்ஸ்டர் நான்' என்று ஒரு அமெரிக்க ஜெனரல் சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. ஸ்மெட்லி பட்லர் என்று பேர் போட்டிருக்கிறது. நிஜமாகவே சொன்னாரா? பணியில் இருக்கும்போதே இப்படிப் பேசியவரை எப்படி விட்டுவைத்தார்கள்?"

சொன்னார், அதில் சந்தேகம் வேண்டாம். 1935-ல் 'காமன் சென்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். மரீன் படையில் 33 வருடம் 4 மாதம் இருந்தேன், அதில் பெரும்பகுதி பெரிய கம்பெனிகளுக்கும் வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தைக்காரர்களுக்கும் வங்கிக்காரர்களுக்கும் அடியாளாகவே கழிந்தது என்கிறார். அப்புறம் நாடு நாடாகக் கணக்கு ஒப்பிக்கிறார். மெக்சிகோ எண்ணெய்க் கம்பெனிகளுக்காக. ஹெய்ட்டியும் கியூபாவும் நேஷனல் சிட்டி பேங்க் ஆட்கள் நிம்மதியாக வசூல் பண்ணுவதற்காக. நிகராகுவா பிரவுன் பிரதர்ஸ் வங்கிக்காக. ஹோண்டுராஸ் பழக் கம்பெனிகளுக்காக. சீனாவில் ஸ்டாண்டர்டு ஆயிலுக்காக. சிகாகோ கேங்ஸ்டர் அல் கபோனுக்கே நான் ரெண்டு பாடம் எடுத்திருக்கலாம், அவன் மூன்று பேட்டையில் தொழில் பண்ணினான், நான் மூன்று கண்டத்தில் பண்ணினேன் என்று முடிக்கிறார்.

ஆனால் 1935-ல் அவர் பணியில் இல்லை. ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியிருந்தது. அதனால் உங்கள் இரண்டாவது கேள்வியில் பாதி அடிபட்டுப் போகிறது. மீதிப் பாதி நியாயமான கேள்விதான். ஏனென்றால் பணியில் இருந்தபோதும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. அவரை விட்டுவைத்ததற்குக் காரணம் அவருடைய வீரம் என்று பலர் எழுதுகிறார்கள். என் கணக்கில் வீரத்துக்குப் பாதி, அவர் அப்பாவுக்குப் பாதி.

பட்லர் 1881-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் வெஸ்ட் செஸ்டரில் பிறந்தார். குவேக்கர் குடும்பம். போரே பாவம் என்று நினைக்கிற கிறிஸ்தவப் பிரிவு அது. அப்பா தாமஸ் பட்லர் 1897-லிருந்து 1928-ல் இறக்கும்வரை அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர். 1919-லிருந்து பிரதிநிதிகள் சபையின் கடற்படை விவகாரக் குழுவுக்குத் தலைவர். மரீன் படைக்கு எவ்வளவு ஆள், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அந்தக் குழுவின் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். மேலதிகாரியின் மேலதிகாரிகள் பட்ஜெட்டுக்காகக் கைகட்டி நிற்கிற இடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

1898-ல் ஸ்பெயினோடு சண்டை வந்தபோது பையனுக்கு 17 கூட முடியவில்லை. வயதைக் கூட்டிச் சொல்லி மரீன் படையில் செகண்ட் லெப்டினன்ட் ஆகிவிட்டார். கியூபா, பிலிப்பைன்ஸ், பிறகு 1900-ல் வெளிநாட்டாரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சியை அடக்கச் சீனா. தியன்சின் சண்டையில் அடிபட்டு விழுந்த சக அதிகாரி ஒருவரைத் தூக்கப் போய்த் தொடையில் குண்டு வாங்கினார். அங்கே அவரைக் காப்பாற்ற வந்த ஹென்றி லியோனார்ட் என்ற அதிகாரிக்கு ஒரு கையே போனது. இந்தப் பெயரை மறக்க வேண்டாம், முப்பது வருடம் கழித்துத் திரும்ப வருவார். பட்லருக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள் வருவதற்குள் கௌரவ கேப்டன் பதவி வந்துவிட்டது.

அதற்கடுத்த பத்துப் பதினைந்து வருடம் ஹோண்டுராஸ், பனாமா, நிகராகுவா என்று பெரும்பாலும் மத்திய அமெரிக்காவிலேயே ஓடியது. இந்தக் காலத்தில் அவர் எழுதிய ஒரு கடிதம்தான் எனக்கு முக்கியம். 1910-ல் நிகராகுவா விவகாரத்தில் இருந்தபோது வீட்டுக்கு எழுதுகிறார்: இந்தப் புரட்சியையே தூண்டிவிட்டுப் பணம் போட்டு நடத்துவது அமெரிக்கர்கள்தான், இங்கே தேறாத முதலீடுகளைப் போட்டுவிட்டு, தங்களுக்கு ஏகபோக உரிமை தருகிற அரசாங்கத்தை உட்காரவைத்து அதைத் தேற்றப் பார்க்கிறார்கள், இதுதான் எனக்கு எரிச்சல் என்று. 1935-ல் எழுதியதற்கும் இதற்கும் சரக்கில் வித்தியாசம் இல்லை. வயதான பிறகு ஞானம் வந்து போர் எதிர்ப்பாளர் ஆனார் என்கிற கதை அவ்வளவு சரியில்லை. 28 வயதிலேயே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, எரிச்சல்பட்டுக்கொண்டு, சொன்ன வேலையை அச்சுப் பிசகாமல் செய்தும் கொடுத்தார்.

1914-ல் மெக்சிகோவின் வேராகுருஸ் துறைமுகத்தை அமெரிக்கா பிடித்தது. அந்தச் சின்னச் சண்டைக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனரை ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அள்ளி வீசினார்கள். பட்லருக்கும் ஒன்று. இதற்குத் தகுதியாக நான் ஒன்றும் செய்யவில்லை என்று அவர் அதைத் திருப்பி அனுப்பினார். வைத்துக்கொள், அணியவும் செய் என்று உத்தரவோடு அது திரும்பி வந்தது!

இரண்டாவது மெடல் கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டியில். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 1915 ஜூலையில் அமெரிக்கப் படை அந்த நாட்டில் இறங்கியது. கிளம்பிப் போனது 1934-ல். வட பகுதி மலைகளில் காக்கோ என்று அழைக்கப்பட்ட உள்ளூர்க் கிளர்ச்சிக்காரர்கள் சண்டை போட்டார்கள். அவர்களுடைய கடைசிப் பிடிமானம் ரிவியேர் கோட்டை. நவம்பர் 17 அன்று பட்லரின் ஆட்கள் கோட்டையைச் சுற்றி வளைத்தார்கள். உள்ளே போக ஒரே வழி, சுவரில் இருந்த குறுகிய வடிகால் ஓட்டை. ஒவ்வொருவராகத்தான் நுழைய முடியும், எதிர்ப்பக்கம் துப்பாக்கியோடு ஆள் இருக்கிறான். முதலில் நுழைந்தவர் ராஸ் ஐயாம்ஸ் என்ற சார்ஜென்ட், இரண்டாவது சாமுவேல் கிராஸ் என்ற சிப்பாய், அதற்குப் பின்தான் பட்லர். மூவருக்கும் மெடல் கிடைத்தது. கோட்டைக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட காக்கோக்கள் செத்தார்கள். அமெரிக்கர் பக்கம் சேதம்: கல்லடி பட்டு ஒருவருக்கு இரண்டு பல் போனது. இதை வீரக்கதையாகத்தான் அமெரிக்காவில் சொல்கிறார்கள். அந்த இரண்டு பல்லைக் கேட்ட பிறகு எனக்கு அப்படி வாசிக்க முடியவில்லை.

சண்டை முடிந்த பிறகு செய்தது அதைவிடப் பெரிய வேலை. ஜென்டார்மரி என்று ஹெய்ட்டிக்கு ஒரு புதுப் போலீஸ் படையை உண்டாக்கி, அமெரிக்க மரீன்களை அதற்கு அதிகாரிகளாகப் போட்டார்கள். தலைவர் பட்லர். 1917-ல் ஹெய்ட்டி நாடாளுமன்றம் ஒரு புது அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டிருந்தது. வெளிநாட்டார் நிலம் வாங்கக்கூடாது என்ற பழைய தடையை அது விடுவதாக இல்லை. பட்லர் ஜென்டார்ம்களோடு போய் அந்த நாடாளுமன்றத்தைக் கலைத்தார். மறுவருடம் பொது வாக்கெடுப்பு என்ற பேரில் வேறொரு சட்டம் வந்தது, அதில் வெளிநாட்டார் நிலம் வாங்கலாம். இன்னொரு பக்கம் சாலை வேலை. பழைய சட்டம் ஒன்றைத் தூசிதட்டி எடுத்து, விவசாயிகளைக் கூலியில்லாமல் வேலைக்குப் பிடித்தார்கள். தலைநகரையும் வடக்கே காப் ஆய்சியனையும் இணைக்கும் சாலை அப்படித்தான் வந்தது. அடிமைத்தனத்தை எதிர்த்துச் சண்டை போட்டுச் சுதந்திரம் வாங்கிய நாடு அது. மறுபடி சாலைக்கு இழுத்துப் போனால் சும்மா இருப்பார்களா? 1918-ல் சார்லமான் பெரால்ட் தலைமையில் பெரிய கிளர்ச்சி வெடித்தது. பட்லர் அதற்குள் ஹெய்ட்டியை விட்டுக் கிளம்பியிருந்தார்.

1935 கட்டுரையில் ஹெய்ட்டிக்கு ஒரே ஒரு வரி, அதுவும் வங்கியைப் பற்றியது. கூலியில்லாமல் வேலைக்குப் பிடித்த விவசாயிகள் அதில் இல்லை. குற்ற ஒப்புதல் என்று அந்தக் கட்டுரையைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அவர் ஒப்புக்கொண்டது, தன்னை வைத்து யார் லாபம் பார்த்தார்கள் என்பதை. தன்னால் யார் என்ன பட்டார்கள் என்பது அவ்வளவாக வரவில்லை.

முதல் உலகப் போரில் சண்டைக்குப் போக வேண்டும் என்று தவித்தார், விடவில்லை. பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பொன்டனேசன் முகாமைக் கவனி என்று அனுப்பினார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிற சிப்பாய்கள் தங்கும் இடம். முழங்கால் சேறு, ஃப்ளூ காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம். துறைமுகக் கிடங்கில் பதுங்குகுழிகளுக்காக வைத்திருந்த மரச் சட்டங்கள் குவிந்து கிடந்தன. பட்லர் முதல் சட்டத்தைத் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு மலையேற ஆரம்பித்தார். பின்னாலேயே ஆயிரக்கணக்கான ஆட்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிவந்து முகாம் முழுக்க நடைபாதை போட்டார்கள். அப்போது 37 வயது, பிரிகேடியர் ஜெனரல். சாதாரணச் சிப்பாய்கள் கடைசிவரை அவர் பக்கம் நின்றதற்கு ரெண்டு மெடலைவிட இந்த மரச்சட்டம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

1924-ல் பிலடெல்பியா மேயர் அவரைக் கடன் வாங்கி, போலீஸையும் தீயணைப்பையும் கவனிக்கிற நகரப் பாதுகாப்பு இயக்குநர் ஆக்கினார். மதுவிலக்குக் காலம். வந்த 48 மணி நேரத்துக்குள் 900க்கும் மேற்பட்ட கள்ளச் சாராயக் கடைகள் மேல் ரெய்டு. ஊரே கைதட்டியது. பிறகு அவர் பெரிய மனிதர்கள் குடிக்கிற ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல் பக்கமும் கைவைத்தார். கைதட்டல் நின்றது. ரெண்டு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிலடெல்பியாவைச் சுத்தம் செய்தது நான் பார்த்த எந்தப் போரையும்விட மோசம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து மரீன் படைக்குத் திரும்பி சான் டியாகோவில், தன்னை வரவேற்க விருந்து வைத்த கர்னலையே குடிபோதைக்காகக் கோர்ட் மார்ஷலில், அதாவது ராணுவ நீதிமன்ற விசாரணையில் நிறுத்தினார். நேர்மைதான், ஆனால் சக அதிகாரிகளில் எத்தனை பேருக்கு அவரைக் கண்டால் பிடித்திருக்கும்?

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1928 மே மாதம் அப்பா இறந்தார். 1929-ல் பட்லர் மேஜர் ஜெனரல் ஆனார். அதே வருடம் டிசம்பரில் பிட்ஸ்பர்க்கில் ஒரு கூட்டத்தில், நிகராகுவாவில் நாங்கள் தேர்தல் நடத்திய லட்சணம் இது என்று போட்டு உடைத்தார்: நம் ஆள் ஜெயிக்கவேண்டும் என்றால் எதிர் வேட்பாளர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று அறிவித்துவிடுவோம். வாஷிங்டனில் இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார். 1930-ல் மரீன் படைத் தலைவர் நெவில் இறந்தபோது சீனியாரிட்டிப்படி பட்லர்தான் வரவேண்டும். அவரைத் தாண்டி பென் ஃபுல்லர் என்பவரைப் போட்டார்கள்.

1931 ஜனவரியில் பிலடெல்பியாவில் ஒரு மனமகிழ் மன்றத்தில் பேசினார். வெளியே போகாது என்ற நம்பிக்கையில் முசோலினியைப் பற்றி ஒரு கதை சொன்னார். நண்பர் ஒருவர் முசோலினியோடு காரில் போனாராம். கார் ஒரு குழந்தையின் மேல் ஏறியது. நிறுத்தவில்லை. நண்பர் அலறியபோது, அரசு விவகாரத்தில் ஓர் உயிர் என்ன பெரிது என்றாராம் முசோலினி. விஷயம் இத்தாலித் தூதரகத்துக்கு எட்டியது. ரோம் கண்டனம் தெரிவித்தது, அமெரிக்க வெளியுறவுத் துறை மன்னிப்புக் கேட்டது. குவாண்டிகோ முகாமில் பட்லரைக் கைது செய்து கோர்ட் மார்ஷலுக்கு நாள் குறித்தார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கைதான முதல் அமெரிக்க ஜெனரல் இவர்தான். அப்போது ஜனாதிபதி ஹூவர். 1900-ல் பட்லர் குண்டு வாங்கிய அதே தியன்சினில் சுரங்க இன்ஜினியராக முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டிருந்தவர் ஹூவர். நாவலில் எழுதினால் நம்பமாட்டோம். பட்லருக்கு வழக்கறிஞராக வந்தவர் ஒற்றைக் கை ஹென்றி லியோனார்ட்.

அரசு எதிர்பார்க்காதது, ஜனங்கள் பட்லர் பக்கம் நின்றது. ஒரு சர்வாதிகாரியின் மனம் கோணக்கூடாது என்று ரெண்டு மெடல் வாங்கிய நம் ஜெனரலைக் கைது செய்வதா என்று பத்திரிகைகள் கேட்டன. கடைசியில் விசாரணையே இல்லாமல், ஒரு கண்டனக் கடிதத்தோடு முடித்துக்கொண்டார்கள். அதே வருடம் அக்டோபர் 1 அன்று ஓய்வு. 50 வயது. இவ்வளவு நாள் பேசியும் தப்பித்தவர், அப்பா போன மூன்றாவது வருடம் வெளியே.

ஓய்வுக்குப் பின் பேச்சுக்குத் தடையில்லை. 1932-ல் செனட் தேர்தலுக்கான கட்சிக்குள் போட்டியில் நின்று தோற்றார். அந்த ஜூலையில், உலகப் போருக்கான போனஸ் பாக்கியைக் கேட்டு முன்னாள் சிப்பாய்கள் வாஷிங்டனில் கூடாரம் போட்டிருந்தார்கள். மகனோடு அங்கே போய், மேடையேறிப் பேசி, அவர்களோடு சாப்பிட்டு ராத்திரி தங்கினார். சில நாளில், ஜூலை 28 அன்று, தரைப்படைத் தலைவர் மெக்ஆர்தர் குதிரைப்படையும் டாங்கியும் கொண்டுவந்து அவர்களை விரட்டினார்.

அந்தச் செல்வாக்குதான் அடுத்த விசித்திரத்தை வாசலுக்குக் கொண்டுவந்தது. 1933-ல் ஜெரால்டு மெக்வயர் என்ற பங்குப்பத்திர ஏஜென்ட் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன்னாள் படைவீரர் மாநாட்டில் டாலரின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறையை ஆதரித்துப் பேசவேண்டும், பேச்சை நாங்களே எழுதித் தருகிறோம் என்றார். நெவார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் ஆயிரம் டாலர் நோட்டுகள் பதினெட்டைக் கட்டில் மேல் வீசினார் என்பது பட்லரின் வாக்குமூலம். பட்லர் தொடவில்லை. பேச்சு போகப்போக வேறு இடத்துக்கு வந்தது: ஐந்து லட்சம் முன்னாள் வீரர்களைத் திரட்டிக்கொண்டு வாஷிங்டன் போகவேண்டும், ரூஸ்வெல்ட் பேருக்கு ஜனாதிபதியாக இருக்கட்டும், அதிகாரம் வேறு கையில்.

பட்லர் இங்கே புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார். தனக்குத் தெரிந்த நிருபர் பால் காம்லி ஃபிரெஞ்ச்சை அனுப்பி மெக்வயரிடம் பேசவைத்தார், இன்னொரு சாட்சி இருக்கட்டும் என்று. 1934 நவம்பரில் காங்கிரஸின் விசாரணைக் குழு முன் எல்லாவற்றையும் சொன்னார். மெக்வயர் மறுத்தார். பட்லர் பெயர் சொன்ன பெரிய தலைகளைக் குழு கூப்பிடவே இல்லை. நியூயார்க் டைம்ஸ் இது புருடா என்கிற தொனியில் எழுதியது. ஆனால் 1935 பிப்ரவரியில் வந்த குழு அறிக்கை, இப்படியொரு முயற்சி பேசப்பட்டது, திட்டமிடப்பட்டது, பணம் போடுகிறவர்கள் சரியென்று நினைத்திருந்தால் நடந்தும் இருக்கலாம் என்றது. வழக்கு யார் மேலும் இல்லை. நிஜச் சதியா, ஒரு ஏஜென்டின் வாய்ச்சவடாலா என்று வரலாற்றாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். மெக்வயர் வந்து பேசியதும் பணம் காட்டியதும் நடந்தவை, பின்னால் படையே தயாராக இருந்தது என்பது மிகை என்பது என் கட்சி.

அதே 1935-ல்தான் 'வார் இஸ் எ ராக்கெட்' (போர் ஒரு மோசடித் தொழில்) என்ற அவருடைய சிறு புத்தகமும் வந்தது. கொள்கைப் பிரசங்கம் என்று நினைத்து எடுத்தால் கணக்குப் புத்தகம். டூபான்ட் வெடிமருந்துக் கம்பெனியின் சராசரி வருட லாபம் போருக்கு முன் 60 லட்சம் டாலர், போர்க்காலத்தில் 5 கோடியே 80 லட்சம். பிரான்சில் இருக்கிற சிப்பாய்களுக்கென்று அரசுக்கு விற்ற கொசுவலை 2 கோடி. அதில் ஒன்றுகூட பிரான்ஸ் போய்ச் சேரவில்லை என்கிறார். 48 அங்குல ஸ்பேனர் பன்னிரண்டு டஜன் வாங்கினார்களாம். அதற்குப் பொருந்துகிற நட்டு நயாகரா அருவி டர்பைனில் மட்டும்தான் இருந்ததாம். சிப்பாயின் சம்பளத்தையும் பிரித்துப் போடுகிறார். மாதம் 30 டாலர், பாதி வீட்டுக்கு, 6 டாலர் இன்சூரன்ஸ், மிஞ்சுகிற 9 டாலரில் போர்க் கடன் பத்திரம் வாங்கச் சொன்னார்கள். 100 டாலருக்கு வாங்கிய பத்திரத்தைப் போர் முடிந்து வேலையில்லாமல் 84-க்கும் 86-க்கும் விற்றான். சிப்பாய்க்கு 30 டாலர் என்றால் கம்பெனி முதலாளிக்கும் ஜெனரலுக்கும் மந்திரிக்கும் அதே 30 டாலர் கொடுங்கள், போரே வராது என்பது அவர் யோசனை. போர் வேண்டுமா என்று சண்டைக்குப் போகிறவன் மட்டும் ஓட்டுப் போடட்டும் என்பது இன்னொன்று.

இதில் எனக்கு ஒப்பாத இடமும் உண்டு. கடற்படை கரையிலிருந்து 200 மைலுக்கு மேல் போகக்கூடாது, தரைப்படை நாட்டை விட்டே நகரக்கூடாது என்றார். ஹிட்லர் வளர்ந்துகொண்டிருந்த வருடங்களிலும் அதே பேச்சுதான். நிகராகுவாவுக்குச் சரியான மருந்தை எல்லா நோய்க்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். 1940 ஜூன் 21 அன்று பிலடெல்பியாவின் கடற்படை மருத்துவமனையில் இறந்தார். மறுநாள் பிரான்ஸ் ஜெர்மனியோடு போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டது. ஜப்பானின் ஒகினாவா தீவில் இருக்கும் அமெரிக்க மரீன் முகாம் இன்றைக்கும் அவர் பெயரில்தான் ஓடுகிறது. 200 மைல் கணக்கை யாரும் அளக்கவில்லை போல.

அந்த வாட்ஸ்அப் படத்தை யாருக்காவது அனுப்புவதாக இருந்தால், பணியில் இருந்தபோதே சொன்னார் என்று எழுதாமல் 1935 என்று போடுங்கள். பணியில் இருந்தபோது சொன்னதுதான் வேண்டுமென்றால் பிட்ஸ்பர்க் பேச்சை எடுங்கள், நிகராகுவா தேர்தல் பற்றியது. அந்தப் பேச்சுக்கு அவர் கொடுத்த விலையும் அதிகம்.